இருட்டில் அணைந்த சிவப்பு விளக்கு

காரைக்குடிக்கும் குன்றக்குடிக்கும் இடையே ஏறக்குறைய 10 கிலோமீட்டர். வேலை முடித்து அந்தச் சாலையில் சைக்கிளில் திரும்பும்போது, மார்கழியில் பாதி வழியிலேயே இருட்டிவிடும். போன மாதம் என் பின்விளக்கு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அணைந்துவிட்டது. பின்னால் வந்த லாரி ஒலியெழுப்பி, கடைசி நேரத்தில் ஒதுங்கிச் சென்ற பிறகே அது எனக்குத் தெரிந்தது.

சார்ஜ் செய்யும் வகை விளக்கு அது. மூடியில் ஒரு திருகுகூட இல்லை. எல்லாம் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. சைக்கிள் கடைக்காரர் கத்தி முனையால் நெம்பிப் பார்த்து, "இதுக்குத் தனியா பேட்டரி வராதுண்ணே, புதுசுதான் வாங்கணும்" என்றார். உயிரைக் காக்க வேண்டிய பொருளை, பழுது பார்க்கவே முடியாதபடி செய்வது எனக்குக் கோபத்தையே தருகிறது.

அப்பாவின் சைக்கிளில் இருந்த டைனமோவின் சிறு சக்கரம் டயரில் உரசிச் சுழலும்போது, உள்ளிருக்கும் காந்தமும் சுழன்று, கம்பிச்சுருளில் 6 வோல்ட் அளவுக்கு மின்சாரம் பிறக்கும். மிதி கனக்கும், நின்றால் விளக்கும் அணையும் என்பது உண்மைதான். ஆனால் கம்பி அறுந்தால் நானே முறுக்கிவிடலாம்.

தைப்பூசத்திற்குப் பழநி நோக்கி இவ்வழியே நடப்பவர்கள் பைகளில் ஒட்டியிருக்கும் ஒளிரும் பட்டை தொலைவிலேயே கண்ணில் படும். இப்போது என் மட்கார்டிலும் அதை ஒட்டி, சாதாரண பென்சில் பேட்டரி போடும் விளக்கொன்றையும் மாட்டியிருக்கிறேன்.