மொழி என்ற கட்டத்தில் எழுதியது

அந்த வீடியோ கால் முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, அன்றைக்கு நான் கேட்ட கேள்வியை வேறு மாதிரி கேட்டிருக்கலாமோ என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வேலை தெரிந்ததுதான். பழைய நோட்டை ஸ்கேன் செய்து, விவரப் படிவம் நிரப்ப வேண்டும். உரிமையாளர், இடம், காலம், எழுத்து, மொழி. வந்தது ஒரு பாட்டு நோட்டு. கொச்சி யூதப் பெண்கள் கல்யாணத்திலும் பண்டிகையிலும் பாடுகிற பாட்டுகளை இப்படித்தான் நோட்டில் எழுதி, ஒருவரைப் பார்த்து ஒருவர் பிரதி எடுத்துக் காப்பாற்றி வந்தார்கள். இதில் நீல மை, பக்க ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை, ஒரு பாட்டின் நடுவில் பென்சிலால் நாலு வரி கூட்டல் கணக்கு. எழுத்து மலையாளம். மொழி என்ற கட்டத்தில் நான் 'யூத மலையாளம்' என்று போட்டேன். எங்கள் பட்டியலில் யூதர்கள் பேசிய மொழிகளில் இத்திஷ் இருந்தது, லதினோ இருந்தது, யூத அரபு இருந்தது, இது மட்டும் இல்லை. நான்தான் பேசிச் சேர்க்க வைத்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

நோட்டுக்குச் சொந்தக்காரர் 80 வயது தாண்டிய ஒரு அம்மா. 1950களில் கேரள யூதர்கள் ஊர் ஊராகக் கிளம்பி இஸ்ரேலுக்குப் போனபோது சிறுமியாகப் போனவர். நோட்டு அவருடைய அம்மாவுடையது. வீடியோ காலில் படிவத்தை வாசித்துக் காட்டி அவரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். பேரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், ஆனால் எனக்கு மலையாளம் வரும் என்று தெரிந்ததும் அவனை அவர் வாயே திறக்க விடவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர், மொழி வந்ததும் நிறுத்தினார்.

"ஜூத மலையாளம் எந்நு ஞான் கேட்டிட்டேயில்ல. ஞங்ஙள் பறஞ்ஞது மலையாளமாணு மோளே." யூத மலையாளம் என்று கேள்விப்பட்டதே இல்லை, நாங்கள் பேசியது மலையாளம்தான் மகளே என்கிறார்.

சரி என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லை அடித்தால் முடிகிற வேலை. நான் விளக்கத் தொடங்கினேன். "அம்மா, உங்கள் ஊரில் ஒருவர் இறந்துபோனால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டேன். "சலோம் ஆயி" என்றார். பக்கத்து வீட்டு நாயர் வீட்டில்? "மரிச்சு." பார்த்தீர்களா, அதுதான் வித்தியாசம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அது ஒரு வாக்கல்லே மோளே. பாஷ மலையாளம் தன்னெ." அது ஒரு சொல்தானே, பாஷை மலையாளம்தான் என்று. அப்புறம், நான் மேலும் ஏதோ சொல்ல வருவதைப் பார்த்து, "நினக்கு வேண்டது எழுதிக்கோ" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வெறும் 'மலையாளம்' என்று போட்டால் அந்த நோட்டு ஆயிரக்கணக்கான மலையாள ஆவணங்களுக்குள் கரைந்துவிடும், தேடுகிற ஒருவருக்கும் கிடைக்காது. அது இல்லாமல், பெயர் கிடைத்ததால் மரியாதை கிடைத்த மொழிகள் உண்டு. இத்திஷையே எடுத்துக்கொள்ளுங்கள். ரைன் நதிக்கரையில் ஜெர்மன் பேசிய யூதர்களிடம் ஆயிரம் வருஷத்துக்கு முன் உருவாகி, அவர்களோடு கிழக்கே போலந்து, லித்துவேனியா என்று போய், எபிரேயச் சொல்லும் ஸ்லாவியச் சொல்லும் சேர்ந்து வளர்ந்த மொழி. 1272ஆம் வருஷத்து வோர்ம்ஸ் பிரார்த்தனை ஏட்டில் பெரிய எழுத்துகளின் இடைவெளிக்குள் ஒரே ஒரு வரி இத்திஷில் இருக்கிறது, இந்தக் கனமான ஏட்டை ஜெபாலயத்துக்குச் சுமந்து போகிறவருக்கு நல்ல நாள் வாய்க்கட்டும் என்று. அப்பேர்ப்பட்ட மொழியை அதைப் பேசிய படித்தவர்களே 'ஜார்கன்' என்றார்கள், அதாவது கொச்சை. 1908இல் செர்னோவிட்ஸ் என்ற ஊரில் மாநாடு கூட்டி, இதுவும் யூத மக்களின் தேசிய மொழிகளில் ஒன்று என்று அறிவிக்க வேண்டியிருந்தது. பிறகு நாஜிகள் கொன்ற 60 லட்சம் பேரில் பெரும்பாலோர் அதைப் பேசியவர்கள். பெயரும் இல்லாமல் போயிருந்தால் யார் தேடுவது என்று நான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் அதே பட்டியலில் இருக்கிற லதினோ எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு சலோனிகாவிலும் இஸ்தான்புல்லிலும் இஸ்மிரிலும் குடியேறியவர்களின் மொழி அது. லதினோ என்பது முதலில் வேதத்தை வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்க்கும் நடைக்குத்தான் பெயர். வீட்டில் பேசியதைப் பலர் எஸ்பன்யோல் என்றே சொன்னார்கள். அந்த மொழியின் நுணுக்கத்தைப் பாருங்கள்: கடவுளுக்கு ஸ்பானியச் சொல் தியோஸ், கடைசி எழுத்து பன்மை மாதிரி ஒலிக்கிறது, கடவுள் ஒருவர்தானே, அதனால் அவர்கள் எல் தியோ என்றார்கள். ஞாயிற்றுக்கிழமையின் ஸ்பானியப் பெயரில் கிறிஸ்தவர்களின் 'ஆண்டவர்' இருப்பதால் அரபியிலிருந்து அல்ஹத் என்று எடுத்துக்கொண்டார்கள். இவ்வளவு மாற்றிய பிறகும் கேட்டால் ஸ்பானியம்தான். பாக்தாத் யூதர்களிடம் கேட்டாலும் அரபு என்றுதான் சொல்லியிருப்பார்கள். 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் தன் நூல்களில் பலவற்றை எபிரேய எழுத்தில் எழுதினாலும், மொழி அரபுதான். முன்னால் 'யூத' என்று ஒட்டியது பெரும்பாலும் படிக்கிறவர்கள், பேசியவர்கள் இல்லை.

கொச்சிக்காரர்கள் தங்கள் மலையாளத்தைப் பெரும்பாலும் எபிரேய எழுத்தில்கூட எழுதவில்லை. அந்த நோட்டு பக்கத்து வீட்டு நாயர் பெண்ணின் நோட்டு மாதிரியே மலையாள எழுத்தில் இருக்கிறது. இன்னும் ஒன்று எனக்கு உறுத்துகிறது. சுமார் கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் இசுப்பு இறப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்த செப்பேடு, பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் இருக்கிறது. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமை, அதோடு 72 உரிமைகள். பகல்விளக்கு, நடக்க விரிக்கும் துணியான பாவாடை, குடை என்று வரிசையாகச் சொல்லிப் போகிறது, தமிழ் படித்தவருக்கு அகராதி வேண்டாம். அது வெட்டப்பட்டபோது அந்த மொழிக்கு மலையாளம் என்ற பெயரே இல்லை. பெயருக்கு முன்பிருந்தே அந்த மொழியில் இருந்த குடும்பத்துப் பெண்ணிடம், நீங்கள் பேசுவது அதில் ஒரு தனி வகை என்று நான் சொல்லியிருக்கிறேன்.

இதையெல்லாம் சுற்றி வளைத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் காயல்பட்டினத்துக்காரி. எங்கள் வீட்டில் வாப்பா, உம்மா, லாத்தா. யாராவது இறந்தால் 'மௌத்தாயிட்டாங்க' என்போம். எங்கள் பாட்டியின் பெட்டியில் அரபு எழுத்தில் எழுதிய தமிழ் ஏடு ஒன்று இருக்கிறது. காலேஜில் சேர்ந்த முதல் வாரம் விடுதியில் ஒரு பெண், "நீங்க வீட்ல என்ன பாஷை பேசுவீங்க?" என்று கேட்டாள். தமிழ் என்றேன். "இல்ல, வீட்ல?" என்றாள். நல்ல பெண், ஒன்றும் மனசில் வைத்துக் கேட்கவில்லை. எனக்கு இன்றைக்கும் அந்த 'இல்ல' காதில் விழுகிறது. "சலோம் ஆயி" என்று அந்த அம்மா சொன்ன நொடியில், மௌத்து ஆவதும் சலோம் ஆவதும் ஒரே இலக்கணம்தான் என்று எனக்குச் சட்டென்று பட்டது. அதைத்தான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், சந்தோஷப்பட்டிருப்பார். நான் அதை வைத்து வாதத்தில் ஜெயித்தேன்.

சில நாள் இதற்கும் பதில் சொல்லிக்கொள்கிறேன். விடுதிப் பெண் என்னை வெளியே தள்ளக் கேட்டாள், நான் அவர்களைக் காப்பாற்றக் கேட்டேன், இரண்டும் ஒன்றாகுமா என்று. ஒன்றில்லைதான். ஆனால் கேட்கப்பட்டவர் இடத்திலிருந்து பார்த்தால் எவ்வளவு வித்தியாசம் தெரியும்?

போன மாதம் அந்தப் பதிவைத் திறந்து, குறிப்பு என்ற கட்டத்தில், உரிமையாளர் தன் மொழியை மலையாளம் என்றே கூறினார் என்று ஒரு வரி சேர்த்தேன். பதிவைத் திறந்து கீழே வரை உருட்டினால்தான் அது கண்ணில் படும். மொழி என்ற கட்டத்தை மாற்றவில்லை. அந்தப் பெயரில் தேடி இதுவரை இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் நோட்டைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். மாற்றுவதற்கான அனுமதி இன்னும் என்னிடம் இருக்கிறது.