ஐந்து ரிசார்ட், ஒரு நோட்டு: பிளாக்ஜாக் டேபிள்களை ஒப்பிட்டுப் பார்த்த கதை

பிளாக்ஜாக் கற்றுக்கொண்ட புதிதில் எனக்கு எல்லா டேபிளும் ஒன்றுதான். 21-ஐத் தாண்டக் கூடாது, டீலரை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதானே என்று எந்த நாற்காலி காலியோ அதில் உட்கார்ந்துவிடுவேன். அப்படி உட்கார்ந்த ஒரு டேபிளில் 10 சிப் வைத்தேன், ஏஸும் ராஜாவும் விழுந்தது, டீலர் 12 சிப்பைத் தள்ளினார். 15 அல்லவா வர வேண்டும் என்று கேட்டால் அவர் வாயே திறக்கவில்லை, மேஜைத் துணியில் அச்சடித்திருந்த வரியை விரலால் தட்டிக் காட்டினார். பிளாக்ஜாக்குக்கு, அதாவது முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் 10 மதிப்புள்ள சீட்டும் விழுந்தால், 6:5: 5 சிப்புக்கு 6 சிப். இரண்டு மணி நேரமாக அந்த வரியின் மேல்தான் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று ஆரம்பித்தது இந்த நோட்டு. இதுவரை ஐந்து ரிசார்ட், இருபத்து மூன்று டேபிள்.

முதலில் அந்த 3 சிப் கணக்கு. பிளாக்ஜாக் ஏறக்குறைய 21 ஆட்டத்துக்கு ஒருமுறை வரும். டீலருக்கும் வந்து சமனாகிப் போவதைக் கழித்தால் 100 ஆட்டத்தில் நாலரை தடவை. ஒவ்வொரு தடவையும் 3 சிப் குறைந்தால், 1,000 சிப் பந்தயத்தில் 13, 14 சிப் இதிலேயே போய்விடுகிறது, கிட்டத்தட்ட 1.4 சதவீதம். 3:2 கொடுக்கிற நல்ல டேபிளில், சரியாக ஆடினால், கேசினோவின் மொத்தப் பங்கே, அதாவது நம் பந்தயத்தில் சராசரியாக அதற்குப் போவதே, அரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஒரே ஒரு வரி அதை நாலு மடங்கு ஆக்கிவிடுகிறது.

மற்ற விதிகள் இவ்வளவு பெரிதில்லை. ஒரே மாதிரி இரண்டு சீட்டை இரண்டு கையாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டுக்குப் பிறகு, பந்தயத்தை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு சீட்டு வாங்கும் டபுளைப் போட விட்டால் நமக்கு 0.14 சதவீதம் லாபம், பாதிப் பந்தயத்தை விட்டுக்கொடுத்து விலகும் சரண்டர் இருந்தால் 0.08, இப்படிச் சில்லறையாக வரும். டீலர் சாஃப்ட் 17-இல், அதாவது ஏஸை 11 ஆக எண்ணி வரும் 17-இல், நிற்கிறாரா, இன்னொரு சீட்டு எடுக்கிறாரா என்பதுதான் கொஞ்சம் கனமானது, எடுத்தால் நமக்கு 0.2 சதவீதம் நஷ்டம். இது எனக்கு ரொம்ப நாள் தலைகீழாகத் தெரிந்தது, கூட ஒரு சீட்டு எடுத்தால் டீலர்தானே மாட்டிக்கொள்வார்? இல்லை. ஏஸும் 6-உம் சேர்ந்த கையில் ஏஸை 1 ஆக்கிக்கொள்ளலாம் என்பதால் அடுத்த ஒரு சீட்டில் 21-ஐத் தாண்டவே முடியாது, 17 என்ற மட்டமான கையை மேலே தூக்கிக்கொள்ள அவருக்கு ஒரு இலவச வாய்ப்பு. ஒரே ஹாலில் அடுத்தடுத்த டேபிள்களில் இந்த விதி மாறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நான் உண்மையிலேயே அடிவாங்கியது வேறொன்றில். அமெரிக்கப் பாணி டேபிளில் டீலர் தனக்கு இரண்டு சீட்டு போட்டு ஒன்றைக் கவிழ்த்து வைப்பார், மேலே ஏஸோ 10-ஓ தெரிந்தால் அடியில் பிளாக்ஜாக் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுவார். ஐரோப்பியப் பாணியில் அவருக்கு ஒரே சீட்டுதான், இரண்டாவதை நாம் எல்லோரும் ஆடி முடித்த பிறகுதான் எடுப்பார். மூன்றாவது ரிசார்ட்டில் இதைக் கவனிக்காமல், என் 11-க்கு எதிரே அவருடைய 10 இருக்க, வழக்கம்போல டபுள் போட்டேன். எனக்கு 21 வந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் தோளில் தட்டினார். டீலர் கடைசியில் எடுத்த சீட்டு ஏஸ், அது பிளாக்ஜாக், என் சாதாரண 21-ஐ வெல்லும், இரண்டு பந்தயமும் போச்சு. இந்தப் பாணியில் 10-க்கும் ஏஸுக்கும் எதிராக 11-ஐ டபுள் போடக் கூடாது, 8-8 வந்தாலும் பிரிக்கக் கூடாது என்று அறைக்குப் போன பிறகுதான் படித்தேன். சில இடங்களில் டீலருக்கு பிளாக்ஜாக் வந்தால் முதல் பந்தயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு டபுள் பணத்தைத் திருப்பித் தருவார்கள், அங்கே பழைய மாதிரியே ஆடலாம். துணியில் இது எழுதியிருப்பதை நான் பார்த்ததில்லை, உட்காரும் முன் வாய்விட்டுக் கேட்பதுதான் வழி.

எந்தக் கைக்கு என்ன செய்வது என்ற அட்டவணையை நான்கு அமெரிக்க ராணுவத்தினர் மேஜைக் கால்குலேட்டர்களை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு 1956-இல் வெளியிட்டார்கள். நான் அதன் வாரிசு ஒன்றை அட்டையில் அச்சடித்து எல்லா ஊருக்கும் தூக்கிக்கொண்டு போனேன், விதி மாறினால் அட்டையும் மாறும் என்று தோன்றவே இல்லை. இப்போது பையில் மூன்று அட்டை. நான் போன இடங்களில் அதை மேஜையில் வைத்தே பார்த்து ஆட விட்டார்கள், போனை எடுத்தால்தான் சத்தம் போட்டார்கள்.

அப்புறம் வேகம். இதை நோட்டில் பாதியிலிருந்துதான் எழுத ஆரம்பித்தேன், முதலிலிருந்தே எழுதியிருக்க வேண்டும். கூட்டமான டேபிளில் ஒரு மணி நேரத்தில் 60 ஆட்டம், ஆள் குறைந்த டேபிளில் 110 வரை எண்ணினேன். ஆடிய சீட்டை உடனுக்குடன் உள்ளே இழுத்துக் கலைத்துக்கொண்டே இருக்கும் மெஷின் இருந்தால் இன்னும் வேகம், கலைப்பதற்காக நிற்கிற இடைவெளியே கிடையாது. அந்த மெஷின் ஏமாற்றுகிறது என்று புலம்புகிறவர்கள் உண்டு, நான் நம்பவில்லை. எந்தச் சீட்டெல்லாம் போய்விட்டது என்று கணக்கு வைத்து ஆடும், சீட்டு எண்ணுகிறவர்களுக்கு அது ஆகாது, சரி. என்னைப் போல எண்ணத் தெரியாதவனுக்கு அதிலுள்ள செலவு அதிகப்படியான ஆட்டங்கள்தான்.

இரண்டு டேபிளை அருகருகே எழுதிப் பார்த்தபோதுதான் கண் திறந்தது. ஒன்று குறைந்தபட்சம் 10 சிப், 6:5, கேசினோவின் பங்கு 2 சதவீதம், மணிக்கு 80 ஆட்டம். இன்னொன்று குறைந்தபட்சம் 25 சிப், 3:2, பங்கு அரை சதவீதம், கூட்டம் என்பதால் மணிக்கு 60. சராசரி இழப்பு முதலாவதில் மணிக்கு 16 சிப், இரண்டாவதில் ஏழரை. மலிவு என்று நினைத்துப் போய் உட்கார்ந்ததுதான் விலை கூடியது! ஆனால் 25 சிப் டேபிளில் ஒரு மணி நேரத்தில் 200 சிப் மேலே கீழே போவது சாதாரணம், அதைத் தாங்கும் அளவுக்குக் கையில் இல்லாதவன் சராசரியை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

இன்சூரன்ஸ், அதாவது டீலருக்கு மேலே ஏஸ் தெரியும்போது அவருக்கு பிளாக்ஜாக் இருக்கும் என்று கட்டும் தனிப் பந்தயம், பற்றி ஒரே வரி: ஆறு கட்டு ஆட்டத்தில் கேசினோவின் பங்கு 7 சதவீதத்துக்கு மேல், டீலர் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் வேண்டாம்.

ரிசார்ட்டின் பளபளப்புக்கும் விதிக்கும் நான் பார்த்த வரையில் சம்பந்தமே இல்லை. ஐந்தில் மிக நல்ல விதி இருந்தது பழைய கட்டடம், புகை நாற்றம், நாற்காலி வேறு ஆடும். மிக மோசமானது நீரூற்றுப் பக்கத்தில், இசைக்குழுவோடு. ஒரே டேபிள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் குறைந்தபட்சப் பலகையை மாற்றிக்கொள்வதையும் பார்த்தேன், காலையில் 10, இரவில் 25, விதி மட்டும் அதே 6:5.

அடுத்த தடவை வாரநாள் காலையில் போய் அந்தப் பழைய கட்டடத்தில் மூன்று மணி நேரம் ஆட்டம் எண்ண வேண்டும். காலையில் ஆளில்லாமல் வேகம் 110-ஐத் தொட்டால் என் 60 ஆட்டக் கணக்கு அங்கே செல்லாது. ஆடுகிற அந்த நாற்காலி இடது ஓரத்தில் இருக்கிறது, அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.