லீவு விடாத மழை நாள்

மழை கொட்டித் தீர்த்தால் கலெக்டர் லீவு விட்டுவிடுவார். வெயில் அடித்தால் பிள்ளைகள் மணலில் இறங்கி ஓடிவிடுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மழை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு வந்து, தூறுவதும் நிற்பதுமாக நாள் முழுக்க நசநசவென்று பெய்யும். பள்ளிக்கூடம் உண்டு, இன்டர்வெல் உண்டு, வெளியே மட்டும் கால் வைக்க முடியாது. மதியம் சாப்பிட்டு முடித்த பிறகு நாற்பது நிமிஷம், இரண்டு அறை, ஒரு வராண்டா, முப்பத்தெட்டுப் பிள்ளைகள். இந்தப் பதிவு அந்த நாற்பது நிமிஷத்தைப் பற்றியது.

எங்கள் பள்ளி ராமேஸ்வரம் தீவில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஒன்றிலிருந்து ஐந்து வரை வகுப்புகள், பெரிய டீச்சரும் நானும் இரண்டே பேர். பெரும்பாலான பிள்ளைகளின் அப்பா கடலுக்குப் போகிறவர். நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரி. இங்கே வந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

வந்த வருஷம் மழை நாளில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். "எல்லாரும் வாயில விரல் வைங்க" என்று உட்கார வைத்தேன். நான் படித்த காலத்தில் எனக்குச் செய்ததையே நானும் செய்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சுவரில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள். விரல் மடியில் விழுந்துவிட்டது. இடி சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்தவள், கண்ணைச் சரியாகத் திறக்கும் முன்பே விரலைத் தூக்கி வாயில் வைத்தாள். அன்றோடு அதை விட்டேன். அந்தக் கை போன வேகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் விளையாட விட்டேன். முதலில் நாற்காலி விளையாட்டு. நாற்காலிக்குப் பதில் தரையில் சாக்பீஸ் வட்டம், பாட்டுக்குப் பதில் தட்டில் தாளம். ஐந்து நிமிஷத்தில் எட்டுப் பேர் அவுட். அவுட் ஆனவர்களுக்கு அந்த அறைக்குள் வேலையே இல்லை. ஒருத்தன் இன்னொருத்தன் சட்டையை இழுக்கிறான், ஒருத்தி பென்சில் டப்பாவைத் தட்டிவிடுகிறாள், அழுகை, புகார். வெளியே விளையாடும்போது தோற்ற பிள்ளைக்கு மணல் இருக்கிறது, பூவரச மரம் இருக்கிறது, வேறு கூட்டம் இருக்கிறது. அறைக்குள் தோற்றால் போக இடம் கிடையாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மழைக்காலம் பிடித்தது. அதற்குப் பிறகு உள்ளே ஆட ஒரே ஒரு விதிதான் வைத்திருக்கிறேன்: யாரும் அவுட் ஆகிற ஆட்டம் வேண்டாம்.

பல்லாங்குழியைக் கொண்டுவந்தது எங்கள் சத்துணவுச் சமையல் அக்கா. சாம்பாருக்குப் புளி கரைக்கும்போது வருகிற கொட்டையை எல்லாம் கழுவிக் காயவைத்து ஒரு டப்பாவில் சேர்த்திருந்தார். "டீச்சர், பலகை எதுக்கு? தரையில வட்டம் போடுங்க" என்றார். பக்கத்துக்கு ஏழு வட்டம், மொத்தம் பதினான்கு. வட்டத்துக்கு ஐந்து கொட்டை, ஆக எழுபது. போட்டுக்கொண்டே வரும்போது ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது 'பசு'. அந்தக் குழி யார் பக்கமோ அவர் எடுத்துக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகள் இந்தப் பசுவுக்காகவே குழியை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்த ஒன்றாம் வகுப்புக்காரர்கள் ஒரு வாரத்தில், பார்த்த மாத்திரத்தில் "பசு! பசு!" என்று கத்த ஆரம்பித்தார்கள். நாலு என்றால் எவ்வளவு என்பது கண்ணுக்கே தெரிந்துவிட்டது. நான் அட்டை வைத்துச் சொல்லிக்கொடுத்தபோது அது வரவில்லை.

பெரிய பிள்ளைகளுக்கு ஆடுபுலி. புலி மூன்று, ஆடு பதினைந்து. கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் பார்த்தால் அது 'சுறா சாளை' ஆகியிருந்தது. பதினைந்து சாளை சேர்ந்து மூன்று சுறாவை நகரவிடாமல் மடக்க வேண்டும். பக்கத்துக்கு ஐந்து பேர் கூடிக் குசுகுசுவென்று யோசித்துத்தான் ஒரு காயை நகர்த்துகிறார்கள். ஒரு கட்டத்துக்குப் பத்துப் பேர் வேலையாக இருக்கிறார்கள் என்றால் எனக்கு வேறென்ன வேண்டும்!

மீன் பேர் சொல்லும் விளையாட்டும் உண்டு. வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு மீன், சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது. தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் காதோடு கேட்டுக்கொள்ளலாம். முரல், ஊளி, நகரை, காரல், சூடை, மாவுலா, விளமீன், கிளாத்தி, திருக்கை என்று போய்க்கொண்டே இருக்கும். என் முறை வரும்போது கெண்டை, கெளுத்தி, விரால், அயிரை என்று எங்கள் கண்மாய் மீன்களைச் சொல்வேன். "அதெல்லாம் எப்படி இருக்கும் டீச்சர்?" என்று கேட்பார்கள். படம் வரைந்து காட்டுவேன். மீசை வைத்த கெளுத்தியை அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

போன வருஷம் நாலாம் வகுப்பில் ஒரு பையன். எழுத்துக்கூட்டி வாசிக்கவே தடுமாறுவான், எந்த விளையாட்டுக்கும் வர மாட்டான். ஒருநாள் டவுசர் பையிலிருந்து நைலான் நூலை எடுத்து ஜன்னல் கம்பியில் முடிந்துகொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன். உடைந்த ஸ்கேல் துண்டை நூலுக்கு அடியில் கொடுத்து, ஒரு சுற்று, விரலால் ஒரு அழுத்து, இழுத்து ஒரு முடிச்சு. ஸ்கேலை உருவினால் வலையில் ஒரு கண்ணி. அடுத்ததும் அதே அளவு. "ஸ்கேல் எதுக்குடா?" என்றேன். "கண்ணி ஒண்ணுபோல இருக்கணும் டீச்சர். ஒண்ணு பெருசாப் போச்சுன்னா மீன் அதுல போயிரும்." அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். மறுநாளே அவனைச் சுற்றி ஆறு பேர். அஞ்சாம் வகுப்புக்காரர்களுக்கும் அவன்தான் வாத்தியார்.

சத்தம் இருக்கும். "ரோட்டு வரைக்கும் கேக்குதும்மா" என்று பெரிய டீச்சர் ஒருமுறை சொன்னார். சரி, கேட்கட்டும் என்று அவரே விட்டுவிட்டார். பசுவுக்குப் போடுகிற சத்தமும் சண்டைச் சத்தமும் வேறு வேறு. பழகிவிட்டால் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிடும்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் எனக்கு முதலில் சொல்வது பிள்ளைகள்தான். "டீச்சர், மூணாம் நம்பர் ஏத்தியாச்சு. எங்கப்பா வீட்லதான் இருக்காரு." அப்படிச் சொல்ல முடிகிற நாளில் முகமே வேறு மாதிரி இருக்கும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததே, அதற்குப் பிறகு பள்ளி திறந்த அன்று பாதிப் பேரிடம் நோட்டு இல்லை. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலையில் பாடம் எடுக்க எனக்கு மனசு வரவில்லை. கொட்டை டப்பாவைத் தரையில் கவிழ்த்தேன். ஒரு பிள்ளை விளையாடவே இல்லை. கை நிறையக் கொட்டையை அள்ளுவதும் விரல் இடுக்கு வழியாக விடுவதுமாக மதியம் வரை இருந்தாள். அப்புறம் எழுந்து சாப்பிடப் போனாள்.

இந்த வருஷத்துக்குக் கொட்டை எண்ணி வைத்தாயிற்று. நாலு ஜோடிக்கு 280, தொலைவதற்கு என்று ஒரு கைப்பிடி கூடுதல். நைலான் நூல்தான் இன்னும் ஒரு கண்டு வாங்க வேண்டும். வலை முடிய மூன்றாவது ஜன்னலும் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள்.