பிபிக்கு 130ஆ 140ஆ? எம்ஆர்சிபி பார்ட் 1க்கு கைட்லைன்ஸ் படிச்ச விதம்

பிரிட்டன்ல டாக்டர்ஸ் எழுதுற எம்ஆர்சிபி எக்ஸாம்ல பார்ட் 1 முடிச்சதுலேருந்து ஜூனியர்ஸ் கேக்குறது இதுதான், அக்கா ஹை பிபின்னு (ஹைப்பர்டென்ஷன்) சொல்ல 130ஆ 140ஆ எதை டிக் பண்றதுன்னு. எந்த நாட்டு எக்ஸாம்னு பாருங்க முதல்ல. அமெரிக்கால ஏசிசி, ஏஹெச்ஏன்ற இதய அமைப்புகள் 2017ல 130/80 தொட்டாலே ஹைப்பர்டென்ஷன்னுட்டாங்க, பிரிட்டன்ல கைட்லைன் போடுற நைஸ் அமைப்பு, கிளினிக்ல பாத்தா 140/90, அதுவும் வீட்லயோ, உடம்புல கட்டிட்டே நடமாடுற ஆம்புலேட்டரி மிஷின்லயோ சராசரி 135/85 வந்தாதான் கன்ஃபர்ம் பண்ணும். எம்ஆர்சிபிக்கு நைஸ்தான் வேதவாக்கு. யூரோப்ல ஈஎஸ்சின்ற இதய அமைப்பு 2024ல எலிவேட்டட்னு ஒரு புது வகை கொண்டு வந்திருக்கு, பார்ட் 1க்கு அதுல தலைய விட வேணாம்.

நம்பர மட்டும் உருப்போட்டா ஒரு வாரத்துல காத்துல போயிடும், எனக்கு மண்டைல நின்னது ட்ரையல்ஸ் படிச்சப்புறம்தான். ஸ்பிரின்ட்ங்கிற ட்ரையல் 2015ல, சிஸ்டாலிக்க (பிபில மேல் நம்பர்) 120க்கு கீழ இறக்குனா ஹார்ட் ஃபெயிலியரும் சாவும் குறையுதுன்னு காட்டுச்சு, ஆனா அதுல சுகர் பேஷன்ட்ஸ சேக்கவே இல்ல! சுகர் உள்ளவங்கள்ல அதே 120ஐ அக்கார்ட்ங்கிற ட்ரையல்ல 2010லயே பாத்தாச்சு, ஸ்ட்ரோக் குறைஞ்சுது, மெயின் ரிசல்ட்ல பெருசா வித்தியாசம் வரல. அதோட ஸ்பிரின்ட்ல பேஷன்ட்ட அமைதியா உக்கார வெச்சு மிஷின் தானாவே சில தடவ எடுத்து சராசரி போடும், நம்ம ஓபில கூட்டத்துல நின்னு மூச்சு வாங்க வந்தவருக்கு கஃப் கட்டி பாக்குற 130உம் அதுவும் ஒண்ணாகுமா சொல்லுங்க.

மருந்துல ஒரு ட்ராப் இருக்கு. 60 வயசு, சுகர் இல்லன்னா நைஸ்ல முதல்ல அம்லோடிபின் மாதிரி கால்சியம் சேனல் பிளாக்கர், அதே ஆளுக்கு டைப் 2 இருந்தா வயசே பாக்காம ஏஸ் இன்ஹிபிட்டர் இல்லன்னா ஏஆர்பி (ரெண்டும் பிபி மருந்து வகைதான்), ஆப்பிரிக்க கரீபியன் வம்சாவளின்னா ஏஆர்பி. கேள்வில சுகர்னு நேரா போட மாட்டான், மெட்ஃபார்மின்ற சுகர் மாத்திரை சாப்பிடுறார்னு ஒரு ஓரத்துல இருக்கும், அவசரத்துல படிச்சா போச்சு.

இனி சுகர். கடந்த ரெண்டு மூணு மாச சராசரி சுகர காட்டுற ஹெச்பிஏ1சி டெஸ்ட்டோட டார்கெட், அமெரிக்க டயபடீஸ் அமைப்பான ஏடிஏல பலருக்கு 7 சதவீதத்துக்கு கீழ. நைஸ்ல டயட் மட்டும்னாலோ, லோ சுகர் வர வைக்காத மாத்திரை ஒண்ணு மட்டும்னாலோ 6.5, சல்ஃபோனைல்யூரியா மாதிரி லோ சுகர் ஆக்குற மருந்துனா 7. எக்ஸாம்ல 48, 53னு வேற யூனிட்ல தருவான், 48னா 6.5, 53னா 7. இதுக்கு நடுவுல அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2018ல பெரும்பாலானவங்களுக்கு 7லேருந்து 8 போதும்னு சொல்லி ஏடிஏ கூட மல்லுக்கு நின்னுச்சு. இங்கயும் அக்கார்ட்தான் வருது, ஹெச்பிஏ1சிய 6க்கு கீழ இழுக்க பாத்த குரூப்ல சாவு கூடுனதால அந்த பாகத்த 2008லயே நிறுத்திட்டாங்க.

எக்ஸாமுக்கு முந்தின மாசம் நைஸ் சைட்ல அப்டேட் ஏதும் வந்திருக்கான்னு பாத்துடுங்க, முக்கியமா சுகர் மருந்து வரிசை மாறிட்டே இருக்கு. நம்ம ஊர் எம்டி வைவாக்கு (வாய்மொழி எக்ஸாம்) படிக்கிறவங்க இத அப்படியே ஒப்பிக்காதீங்க, அங்க எக்ஸாமினர் யார் சொன்னதுன்னு மடக்குவார், கைட்லைன் பேரையும் வருஷத்தையும் சொல்லிட்டு அப்புறம் நம்பருக்கு வாங்க.