அளவு ஒன்று, ஹேஷ் வேறு: டெபியன் படிமத்தைச் சரிபார்த்த அனுபவம்

பழைய மடிக்கணினி ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுவதற்காக, ஏறக்குறைய 3.7 ஜிபி அளவுள்ள முதல் டிவிடியின் ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது டிவிடி முழுவதையும் ஒரே கோப்பாக்கிய படிமத்தைப் பதிவிறக்கினேன். இணைப்பு மூன்று முறை அறுந்து, ஒவ்வொரு முறையும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இறுதியில் கோப்பின் அளவு பைட் பிசகாமல் ஒத்திருந்தது. ஆனால் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து பெறப்படும் அடையாளச் சரமான எஸ்ஹெச்ஏ-256 ஹேஷைக் கணக்கிட்டபோது, 64 எழுத்துகள் கொண்ட அந்தச் சரம் டெபியன் வெளியிட்ட ஹேஷ் பட்டியலில் இருந்ததிலிருந்து முதல் எழுத்திலேயே வேறுபட்டிருந்தது.

ஒரு பிட் மாறினாலும் ஹேஷ் முழுவதும் மாறிவிடும் என்பதால், கோப்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை அதிலிருந்து அறிய முடியாது. முதலில் அதே கோப்புக்கு மறுபடியும் கணக்கிட்டேன். இரண்டாம் முறை வேறு விடை வந்திருந்தால், கணினியின் ரேமைத்தான் சந்தேகித்திருப்பேன். விடை மாறவில்லை. முழுவதையும் மீண்டும் இறக்க மனம் வராததால், அந்தப் படிமத்துக்கென டெபியன் தரும் டோரண்ட்டை (பலரிடமிருந்து துண்டு துண்டாக இறக்க உதவும் கோப்பை) எடுத்தேன். டோரண்ட்டில் கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஹேஷ் இருக்கும். கெட்ட கோப்பை அதே பெயரில் டோரண்ட் செயலியின் கோப்புறையில் வைத்து மறுபரிசோதனை செய்ததும், அது 99.9 விழுக்காட்டில் நின்று, பழுதான இரண்டு துண்டுகளை மட்டும் இறக்கிக்கொண்டது. இப்போது ஹேஷ் பொருந்தியது.

இத்துடன் நிறுத்தக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. பட்டியலில் உள்ள கோப்பும் என்னிடம் உள்ள கோப்பும் ஒன்றே என்று ஹேஷ் சொல்லும். பட்டியலை எழுதியவர் யார் என்று சொல்லாது. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சினமன் பதிப்பின் பதிவிறக்கச் சுட்டியைப் பின்கதவு (பிறர் ரகசியமாக நுழையும் வழி) வைத்த படிமத்துக்குத் திருப்பிவிட்டார்கள். சுட்டியை மாற்ற முடிந்தவருக்கு அதே பக்கத்தில் உள்ள ஹேஷை மாற்றுவது பெரிய வேலையில்லை.

ஆகவே ஹேஷ் பட்டியலுடன் இருந்த டிஜிட்டல் கையொப்பக் கோப்பை, கையொப்பங்களைச் சரிபார்க்கும் ஜிபிஜி என்ற மென்பொருள் கொண்டு சோதித்தேன். கையொப்பம் சரி என்ற வரியை அடுத்து, கையொப்பத்தைச் சரிபார்க்கப் பயன்பட்ட இந்தச் சாவி அதன் உரிமையாளருடையதுதான் என்பதற்குச் சான்று இல்லை என்ற எச்சரிக்கை வந்தது. கையொப்பத்தில் குறை என்று அதற்குப் பொருளில்லை; சாவியை நாம் இன்னும் உறுதிசெய்யவில்லை என்பதே பொருள். அதைக் கண்டுகொள்ளாமல் கடந்தால், இதுவரை செய்த சோதனைக்கு மதிப்பில்லை. ஏற்கெனவே டெபியன் ஓடும் இன்னொரு கணினியில் நிறுவியிருந்த, டெபியனின் சாவிகள் அடங்கிய சாவிக்கொத்துத் தொகுப்பைத் திறந்து, சாவியை அடையாளம் காட்டும் 40 எழுத்துகள் கொண்ட கைரேகையை நான்கு நான்கு எழுத்தாக வாய்விட்டுப் படித்து ஒப்பிட்டேன்.

பென்டிரைவில் எழுதிய பிறகும் ஒரு சோதனை மீதம் இருந்தது. எழுதியவுடன் படித்தால் நினைவகத்தில் தங்கிய நகலே விடையாக வரக்கூடும் என்பதால், பென்டிரைவைக் கழற்றி மீண்டும் செருகினேன். பென்டிரைவ் படிமத்தைவிடப் பெரியது. எனவே படிமத்தின் அளவுக்கு மட்டும் பைட் பைட்டாக ஒப்பிடச் சொன்னேன். கட்டளை எதையும் அச்சிடாமல் முடிந்தது. வேறுபாடு இல்லையென்றால் அது அப்படித்தான் முடியும். அன்றிரவே நிறுவலைத் தொடங்கினேன்.