பழைய டிரெய்லரும் அதன் கேஸ் லைனும்

நியூ ஜெர்சியில் ஒருவரிடமிருந்து 2009 மாடல் டிராவல் டிரெய்லர் ஒன்றை, அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சிறிய நடமாடும் வீட்டை, வாங்கினோம். மெத்தையும் திரைச்சீலையும் வீட்டில் மற்றவர்கள் பொறுப்பு, கேஸ் என் பொறுப்பு. அடுப்பு, ஹீட்டர், வெந்நீர், ஃபிரிட்ஜ் எல்லாம் புரொப்பேனில்தான் ஓடுகின்றன.

முதலில் தேதிகளைப் பார்த்தேன். சிலிண்டரின் மேல்வளையத்தில் ‘03 09’, அதாவது 2009 மார்ச், என்று குத்தியிருந்தது. அமெரிக்காவில் இந்த வகைச் சிலிண்டருக்குத் தயாரித்த நாளிலிருந்து 12 ஆண்டுதான் கணக்கு. அதற்குப் பிறகு மறுசோதனை முத்திரை இல்லாமல் நிரப்பக் கூடாது. அடிவளையத்தில் துரு ஏறியிருந்ததால் மறுசோதனைக்கு அலையாமல் புதிதாகவே 2 வாங்கிவிட்டேன். கேஸ் டிடெக்டரும் காலாவதிதான். பச்சை விளக்கு என்னவோ ஜோராக எரிந்தது. ஆனால் உள்ளே இருக்கும் சென்சாருக்கு 5 முதல் 7 ஆண்டுதான் ஆயுள். புதியதையும் தரையோரமாகவே மாட்டினேன், புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும்.

அப்புறம் கசிவு பார்க்கச் சோப்பு நுரை. ஊரில் சிலிண்டர் மாற்றும்போது செய்து பழகியதுதான். அம்மோனியாவோ குளோரினோ கலந்த திரவம் மட்டும் ஆகாது, பித்தளையை அரித்துவிடும். கை எட்டிய இணைப்பு எதிலும் குமிழி வரவில்லை. எட்டாத இடங்கள்தான் பாதி என்பதால் டெக்னீஷியனைக் கூப்பிட்டேன்.

அவர் செய்த சோதனையைப் பக்கத்தில் நின்று பார்த்தது நல்லதாகப் போயிற்று. டிரெய்லருக்குள் ஓடும் அழுத்தம் 11 அங்குல உயரத் தண்ணீர் தரும் அளவுதான், டயர் காற்றை அளக்கும் பிஎஸ்ஐ கணக்கில் அரைகூட இல்லை. எல்லாக் கருவிகளையும் அணைத்து, அழுத்தத்தை அளக்கும் மானோமீட்டரை இணைத்து, சிலிண்டரைத் திறந்து மூடினார். பிறகு அடுப்பு வழியாகக் கொஞ்சம் கேஸை வெளியேற்றி 8 அங்குலத்துக்கு இறக்கினார். அப்போதுதான் ரெகுலேட்டர் அடைத்துக்கொள்ளாமல் திறந்திருக்கும், சிலிண்டர் வால்வு வரைக்கும் மொத்தப் பாதையும் சோதனைக்குள் வரும். 3 நிமிடம் அசையாமல் நிற்க வேண்டிய அளவு, கண்ணெதிரே இறங்கியது.

கசிவு ஃபிரிட்ஜுக்குப் பின்னால், குழாயின் விரித்த நுனியை இறுக்கிப் பிடிக்கும் ஃபிளேர் நட்டில். யாரோ டேப் சுற்றி வைத்திருந்தார்கள்! ஃபிளேர் இணைப்பில் உலோகமும் உலோகமும் நேராக அமர்ந்தால்தான் அடைப்பு. டேப் அதைக் கெடுக்கும். செம்புக் குழாயின் நுனியை வெட்டி, புதிதாக விரித்து முடுக்கினார். மறுசோதனையில் அளவு இம்மியும் நகரவில்லை. இதற்குக் கொடுத்த பணத்தை நான் செலவாகவே நினைக்கவில்லை.

வெந்நீர்க் கருவியில் சுடர் மஞ்சளாக எரிந்ததற்குக் காரணம் பர்னர் குழாயில் சிலந்திக்கூடு. சுத்தம் செய்ததும் நீலமாகிவிட்டது. சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறக்கவும் அவர்தான் சொன்னார். சட்டென்று திறந்தால் கசிவு என்று எண்ணிப் பாதுகாப்பு அமைப்பு கேஸைத் தடுத்துவிடுமாம்.

வண்டி ஓடும்போது வால்வை மூடியே வைக்கிறோம். ஆனால் பால்டிமோர் சுரங்கச் சாலைகளில் மூடினாலும் பயனில்லை: ஒரு சிலிண்டருக்கு 10 பவுண்டுக்கு மேல் புரொப்பேன் இருந்தால் அனுமதி கிடையாது. அந்த ஊரின் கீ பாலமும் 2024 மார்ச்சில் இடிந்துவிட்டதால், விர்ஜீனியா போகும்போது ஊரைச் சுற்றி ஓடும் 695 நெடுஞ்சாலையின் மேற்குப் பக்கமாகச் சுற்றித்தான் போகிறோம்.