கரி அனலில் விலாக்கறி: ஈரமும் சூடும்

பன்றி விலாக்கறியை நேரடி அனலில் வாட்டாமல், மூடிய கரி அடுப்பில் புகையிலேயே மெல்ல வேகவைப்பதென்றால், அடுப்பின் சூட்டை 107 முதல் 121 டிகிரி செல்சியசுக்குள் நிறுத்துவதுதான் முதல் வேலை. மூடியில் பதித்த வெப்பமானியை நான் நம்புவதில்லை. அது மேலே தேங்கும் சூட்டைக் காட்டுமே தவிர, கறி கிடக்கும் கம்பித்தட்டின் சூட்டைக் காட்டாது. ஆகவே தட்டின் மட்டத்தில் தனியாக ஒன்றைப் பொருத்தினேன்.

கரியை ஒரு பக்கமாகக் குவித்து, தணல் பிடித்த சில துண்டுகளை மட்டும் அதன்மேல் வைத்ததால் நெருப்பு நிதானமாகப் பரவியது. மேல்துளையை முழுதும் திறந்துவிட்டு, கீழ்த்துளையை மட்டுமே கூட்டிக் குறைத்தேன். மேலே அடைத்தால் புகை தேங்கிக் கறியில் கசப்பு ஏறிவிடும். வெள்ளையாகத் திரண்டு வந்த புகை மெலிந்து நீலம் பூத்த பிறகே கறியை உள்ளே வைத்தேன்.

கறிக்குக் கீழே அகலமான தட்டில் வெந்நீர் வைத்திருந்தேன். அந்த நீர் கறிக்குள் இறங்கி அதைச் சாறுள்ளதாக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. நீர் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறாது என்பதால், நெருப்பு திடீரென எழும்பினாலும் அந்த ஏற்றத்தில் ஒரு பகுதியை அது வாங்கிக்கொள்கிறது. எழும் ஆவியோ கறியின் மேற்பரப்பைச் சீக்கிரம் காய விடாமல் வைத்திருக்க, ஈரமான அப்பரப்பில் புகையும் நன்றாகப் படிகிறது. குளிர்ந்த நீரை ஊற்றினால் அதைச் சூடாக்கவே கரி வீணாகும்.

எலும்புகளுக்கு நடுவே உள்சூடு 70 டிகிரியை நெருங்கியதும், கறியில் செருகிய வெப்பமானியின் முள் அப்படியே நின்றுவிட்டது. கரியை அள்ளிப் போடக் கை துறுதுறுக்கும் நேரம் அது. ஆனால் நெருப்பில் குறையில்லை. மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் நீர், வியர்வை உடம்பைக் குளிர்விப்பதுபோல, கறியைக் குளிர்வித்துக்கொண்டிருந்தது. நிறம் கருஞ்சிவப்பாகி, நகத்தால் சுரண்டினாலும் மசாலா பெயராத பதம் வந்ததும் அலுமினியத் தாளில் இறுகச் சுற்றினேன். ஆவி வெளியேற வழியின்றிப் போகவே சூடு மறுபடி ஏறியது. சுற்றாமலும் முடிக்கலாம், நேரம் கூடும், மேலோடு உறுதியாக இருக்கும்.

அதற்கு முன்னர், ஓரங்கள் காய்ந்து தெரிந்தபோது மட்டும் நீர் தெளித்தேன். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சூடு வெளியேறுவதோடு, காற்று புகுந்து கரியும் கனன்றுவிடுகிறது.

உள்சூடு 90 டிகிரியைத் தாண்டிய பின் முள்ளை விட்டுவிட்டு, தாளைப் பிரித்து, இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். துண்டு நன்றாக வளைந்து, வளைவில் மேலோடு லேசாக வெடித்தது. இறக்கிவிட்டேன்.